வேகத்தை விதைப்பவர் யார்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு துபாயில் இறங்கும் நம் தோழனுக்கு முதல் ஆபத்து எங்கே காத்திருக்கிறது தெரியுமா? கட்டடத்தின் உச்சியிலே அல்ல, சாலையின் ஓரத்திலே! நம் ஊரில் வண்டி இடப்பக்கம் ஓடும். ஆகவே சாலையில் கால் வைக்குமுன் வலப்பக்கம் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. முதல் வண்டி இடப்பக்கத்திலிருந்து வருகிறது. பழகிய கழுத்து ஒரு பக்கம் திரும்ப, எமன் மறுபக்கத்திலிருந்து வருகிறான்!

1968இல் எடுத்த கணக்கின்படி துபாயில் இருந்த மக்கள் ஏறத்தாழ 59,000 பேர். 2024 முடிவில் அது 38 லட்சத்தைத் தாண்டிற்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்க வந்த வெளிநாட்டார். பல நாட்டார் பல பழக்கங்களோடு ஒரே சாலையில் இறங்கும்போது, கண்டிப்பான விதி இல்லாமல் முடியுமா? முடியாது. விதி வேண்டும், அதை மதிக்கவும் வேண்டும். இதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அங்குள்ள விதிகளைத் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம் அபராதம், 12 கரும்புள்ளி. ஓட்டும்போது கைபேசியைத் தொட்டால் 800 திர்ஹம், 4 கரும்புள்ளி. 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கம். வண்டியில் உள்ள அனைவரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும் என்பது 2017 முதல் சட்டம். மது ஒரு துளி உள்ளே போனாலும் வண்டியைத் தொடக்கூடாது. நடப்பவனுக்கும் விதி உண்டு. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் அபராதம். 80 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகம் அனுமதித்த சாலையில் கடந்தால் சிறைக்கே வழி செய்கிறது, 2025 மார்ச் 29இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். உயிரைக் காக்கும் விதி இது, உதாசீனம் வேண்டாம்!

ஆனால், விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா? அதுதான் நம் கேள்வி.

இந்தியாவில் பத்தாண்டு லாரி ஓட்டியவன் அங்கே போனால், அவன் உரிமம் செல்லாது. பல ஆயிரம் திர்ஹம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டும், தேர்வு எழுத வேண்டும், சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். 2023இல் ஒரு சலுகை வந்தது: வகுப்பின்றி ஒரே ஒரு முறை தேர்வுக்கு நிற்கலாம், தோற்றால் மீண்டும் வகுப்புதான். ‘இடப்பக்கம் ஓட்டிப் பழகியவன், வலப்பக்கம் ஓட்டக் கற்கட்டும்’ என்பது காரணமானால் நாம் ஏற்போம். ஆனால் பிரிட்டனில் வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது? இடப்பக்கம்! ஜப்பானில்? ஆஸ்திரேலியாவில்? அங்கும் இடப்பக்கமே! அந்நாட்டார் உரிமத்தைத் தேர்வே இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். இடப்பக்கப் பழக்கம் ஏழை நாட்டானிடம் மட்டும் ஆபத்தாகி, பணக்கார நாட்டானிடம் பத்திரமாகிவிடுமோ? இதற்கு ஓரவஞ்சனை என்றல்லாமல் வேறென்ன பெயர்?

இன்னொன்றும் பாருங்கள். வெயிலில் மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடுகிறார்களே, அந்தத் தோழர்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் புதுக் கட்டுப்பாடு. ஐந்து தடமோ அதற்கு மேலோ உள்ள சாலையில், இடப்பக்கத்து இரண்டு விரைவுத் தடங்களில் அவர்கள் ஓட்டக்கூடாது. நல்ல விதி! உயிர் காக்கும் விதி! வரவேற்கிறோம்.

ஆயினும் கேட்கிறோம்: அவன் ஏன் விரைந்தான்? பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கூலி. நின்றால் காசில்லை, நிதானித்தால் ஒரு பொட்டலம் குறையும். ஊரிலே கடன் கொடுத்தவன் காத்திருக்கிறான். வேகத்துக்கு அபராதம் கட்டுகிறவன் தொழிலாளி; வேகத்தை விதைத்தவனோ குளிரூட்டிய அறையில் கணக்குப் பார்க்கிறான். கைப்பிடியைத் திருகிய கையைச் சட்டம் பிடிக்கிறது. அந்தக் கையைத் திருகிய கையை விட்டுவிடுகிறது!

இது நம் கற்பனை அல்ல. 2022 மே மாதம் துபாயில் ஒரு நிறுவனம், பொட்டலக் கூலியை 10.25 திர்ஹத்திலிருந்து 8.75 ஆகக் குறைக்கவும், வேலை நேரத்தை 14 மணி வரை நீட்டவும் முனைந்தது. 14 மணி நேரம் இருசக்கர வண்டியில் இருப்பவன் கண், சாலை விதியைப் பார்க்குமா, சொருகிக்கொள்ளுமா? தொழிலாளர் வண்டியை நிறுத்தினர். வேலை நிறுத்தத்துக்குச் சட்டம் இடங்கொடாத நாடு அது. இருந்தும் நிறுவனம் பின்வாங்கிற்று. சாலைப் பாதுகாப்புக்காகச் செய்த காரியம் அது என்றே நாம் சொல்வோம்.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, சமநீதி. உரிமத்துக்குத் தேர்வு வேண்டுமா? எல்லா நாட்டாருக்கும் வையுங்கள். வேகத்துக்கு வரம்பு வேண்டுமா? வேலை நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். பொட்டலத்தை எண்ணிக் கூலி தராமல், மணியை எண்ணிக் கூலி தாருங்கள். தடத்தைக் குறிக்கும் கோடு முதலாளியின் மேசை வரை நீளட்டும்!

அந்த நாள் வரும்வரை, துபாயில் இருக்கும் தம்பிக்கும் மைத்துனனுக்கும் இன்றே ஒரு வரி சொல்லி அனுப்புங்கள்: “பொட்டலம் தாமதமாகட்டும்; நீ பத்திரமாகப் போய்ச் சேர். சாலையைக் கடக்குமுன், முதலில் இடப்பக்கம் பார்.”