ஓட்டுப் போடாதவளின் ஊர்வலம்

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். "நீங்க சொன்ன பொய்யிலேயே இன்னிக்கு வரைக்கும் உறுத்துற பொய் எது?" தொலைபேசி ஓயவே இல்லை. ரவாங்கிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர், மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டு 'ஓவர்டைம்' என்று அளந்துவிட்ட கதையைச் சொன்னார். மனைவி சமையலறையில் நம் நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். பாவம் மனுஷன்.

எல்லாரும் பேசி முடித்ததும், என்னோடு நிகழ்ச்சி படைக்கும் தம்பி என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களோடது?" என்றான். நான் சட்டென்று பாட்டைப் போட்டுவிட்டேன். வானொலியில் அப்படி ஒரு வசதி உண்டு. இந்தப் பக்கத்தில் பாட்டுப் போட முடியாது. சொல்லிவிடுகிறேன்.

2015 செப்டம்பரிலிருந்து ஓராண்டு லண்டனில் ஊடகத் துறையில் மேற்படிப்பு படித்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் இலங்கைத் தமிழர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். கல்லூரி இல்லாத நேரத்தில் ஒரு கோப்பிக் கடையில் பகுதி நேர வேலை. அங்கே எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் போலந்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயரை இங்கே போடவில்லை, அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் நாடு 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. மறு ஆண்டே லண்டனுக்கு வந்துவிட்டார். 11 ஆண்டுகளாக அங்கே உழைத்து வரி கட்டியவர், மகனை அங்கேயே பள்ளிக்கு அனுப்பியவர்.

2016 ஜூன் 23-ஆம் தேதி, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பொது வாக்கெடுப்பு வந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு விசித்திரம் தெரிந்தது. அந்தப் போலந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் தவிர, ஒன்றியத்தின் மற்ற நாட்டுக் குடிமக்கள் யாருக்குமே இல்லை. ஆனால் ஒன்பது மாதத்துக்கு முன் பெட்டியும் படுக்கையுமாக வந்திறங்கிய எனக்கு உண்டு! பிரிட்டனில் முறையாக வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம். மலேசியரும் சிங்கப்பூரரும் அதில் அடக்கம். என்றைக்கோ நம்மை ஆண்டதற்காக அவர்கள் கொடுத்த சலுகை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வீட்டுக்கார அங்கிள்தான் அதைச் சொன்னார். "பிள்ளை, காமன்வெல்த் ஆக்களுக்கும் வோட்டு இருக்கு. பதிஞ்சிட்டீங்களோ?"

"பதியணும் அங்கிள்" என்றேன். இணையத்தில் ஐந்து நிமிட வேலைதான். ஜூன் 7 கடைசி நாள். அன்று இரவு கூட்டம் தாங்காமல் பதிவு இணையத்தளமே விழுந்துவிட்டது. அரசாங்கம் ஜூன் 9 நள்ளிரவு வரை தவணையை நீட்டித்தது. எனக்காகவே நீட்டித்ததுபோல்தான். நான் அப்போதும் பதியவில்லை. ஆய்வுக்கட்டுரை, கோப்பிக் கடை, தூக்கம். மலேசிய நண்பர்கள் சிலர், வேறொரு நாட்டில் ஓட்டுப் போட்டால் நம் குடியுரிமைக்குச் சிக்கல் வருமோ என்று பயந்து ஒதுங்கினார்கள். அப்படி ஒரு காரணத்தையாவது சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எனக்கு வெறும் சோம்பல். அதோடு, 'எப்படியும் ஒன்றியத்தில் இருப்போம் என்கிற பக்கம்தான் ஜெயிக்கும்' என்ற தெனாவட்டு. ஊடகம் படிக்கிறவளாயிற்றே, எல்லாம் தெரிந்த நினைப்பு.

24-ஆம் தேதி விடியற்காலை முடிவு தெரிந்துவிட்டது. வெளியேற வேண்டும் என்றவர்கள் 51.9 விழுக்காடு. வித்தியாசம் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு. அன்று காலையே பிரதமர் டேவிட் கேமரன் பதவி விலகப்போவதாக அறிவித்தார். நான் கடைக்குப் போனபோது போலந்து அக்கா கோப்பி இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத கண். திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ ஓட்டுப் போட்டாய்தானே?"

"போட்டேன்" என்றேன்.

அதுதான் அந்தப் பொய்.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 2 சனிக்கிழமை ஹைட் பார்க் பக்கமிருந்து பேரணி என்று முகநூலில் பரவியது. அக்கா கூப்பிட்டார். மறுக்க முடியுமா? வீட்டிலிருந்து கிளம்பும்போது பையில் ஒரு ஈரத் துண்டும் பொட்டலமாக உப்பும் எடுத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஊர்வலம் அப்படிப்பட்டது. 2007 நவம்பர் 25-ஆம் தேதி ஹிண்ட்ராப் பேரணிக்குப் போன என் மாமா சாயங்காலம் கிள்ளானுக்குத் திரும்பி வந்த கோலம் இன்னும் கண்ணில் இருக்கிறது. கண்ணீர்ப்புகையில் சிவந்த கண், சட்டையெல்லாம் ரசாயனத் தண்ணீர் வாடை. அவர்கள் போனதும் ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்கத்தான். அம்மா அன்றைக்கே எனக்குச் சட்டம் போட்டுவிட்டார். லண்டனுக்கு விமானம் ஏற்றும்போதும் அதேதான். "ஊர்வலம் கீர்வலம்னு எங்கயும் போயிடாதம்மா. விசாவ புடுங்கிட்டு அனுப்பிடுவாங்க. வேணாம்லா." நான் போனது அம்மாவுக்கு இன்று இதைப் படித்தால்தான் தெரியும். மன்னிச்சிடுங்கம்மா.

பார்க் லேனில் போய் நின்றால், தள்ளுவண்டியில் குழந்தைகள். நாய்க்குட்டிகளின் கழுத்தில் நீலக்கொடி. தெர்மோஸில் தேநீர். ஒரு போலீஸ்காரரிடம் ஒரு பாட்டி கழிவறைக்கு வழி கேட்க, அவர் கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கிறார். ஈரத் துண்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன். பதாகைகள் எல்லாம் சிலேடை. 'யூ' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஈ.யூ.' என்று எழுதியிருந்தார்கள். கோபத்தையும் ஜோக்காகத்தான் எழுதுவேன் என்று ஓர் இனம் அடம்பிடிக்குமா என்று ஆச்சரியமாக இருந்தது. பத்தாயிரக்கணக்கான கூட்டம். மெல்ல நாடாளுமன்றச் சதுக்கத்தை நோக்கி நகர்ந்தது.

நடக்கும்போது அக்கா என்னிடம், "உங்கள் நாடு இப்படி எதிலிருந்தாவது பிரிந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

சிங்கப்பூரைப் பற்றிச் சொன்னேன். 1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை காலை 10 மணி. சிங்கப்பூர் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுப் பிரிவினைப் பிரகடனத்தை வாசித்தார்கள். அதே நாளில் கோலாலம்பூரில் நாடாளுமன்றம் 126-க்குப் பூஜ்யம் என்று ஒப்புக்கொண்டது. சேருவதற்கு 1962-இல் சிங்கப்பூரில் ஒரு வாக்கெடுப்பாவது நடந்தது. பிரிவதற்கு யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் பாட்டியின் அண்ணன் அப்போது சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. தீபாவளிக்கு அண்ணன் வருவது அதுவரை ஊருக்கு வருவதாகத்தான் இருந்தது. 1967-இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தபின், வெளிநாட்டிலிருந்து வருவதாக ஆகிவிட்டது.

"யாரும் ஊர்வலம் போகவில்லையா?" என்றார் அக்கா.

"ரேடியோவில் சொன்னார்கள். அவ்வளவுதான்."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். "எங்களுக்கு இதுவாவது கிடைத்தது" என்றார்.

சாலையோரத்தில் நின்ற ஒரு பெரியவர், "நீங்கள் தோற்றுவிட்டீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள்!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் பதிலுக்கு ஊளையிட்டது. நான் ஊளையிடவில்லை. அந்த மனிதர் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருப்பார். நான் போடவில்லை. சட்டப்படி எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே உரிமை. அவர் அதைப் பயன்படுத்திவிட்டுக் கத்துகிறார், நான் தூங்கிவிட்டுக் கத்த வந்திருக்கிறேன். வாக்கெடுப்பு முடிந்தபின் ஊர்வலம் போவது ஜனநாயகத்துக்கு எதிரானது என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் அதை ஏற்கவில்லை. தோற்றவர்களும் வாய் திறக்கலாம். அக்காவைப்போல் கேட்கப்படாதவர்கள் கட்டாயம் திறக்கலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் எந்தக் கணக்கில் நின்றேன் என்பதற்குத்தான் எனக்கு விடை இல்லை.

இரவு வீட்டுக்குப் போனால் அங்கிள் தொலைக்காட்சியில் பேரணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கன்னத்தில் ஒட்டியிருந்த நீல நட்சத்திரக் கொடியைப் பார்த்துவிட்டார்.

"நான் வெளியேறச் சொல்லித்தான் போட்டனான், பிள்ளை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அகதியாக வந்தவர் இவர். இவரா?

"என்ர அக்காவின்ர மகனுக்கு மூண்டு தரம் விசா மறுத்திட்டாங்கள். சொந்தத் தாய்மாமன் நான் இஞ்ச இருக்கிறன். ஐரோப்பாக்காரர் எண்டா விசாவே இல்லாமல் வந்திறங்கலாம். இது என்ன நியாயம்? அவையளை நிப்பாட்டினால் எங்கட ஆக்களுக்குக் கதவு திறக்கும் எண்டு சொன்னாங்கள்."

பிரசாரத்தில் உண்மையாகவே அப்படிப் பேசினார்கள். கறி உணவகங்களுக்குச் சமையல்காரர்கள் கிடைக்க வேண்டுமானால் வெளியேற ஓட்டுப் போடுங்கள் என்றுகூட ஆசியர்களிடம் கேட்டார்கள். அங்கிளுக்குப் போலந்துக்காரர்மீது வெறுப்பு எதுவும் கிடையாது. அவர் வீட்டுக் குழாயைப் பழுது பார்க்க வருபவரே ஒரு போலந்துக்காரர்தான், வந்தால் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். மருமகன் நினைப்பில் போட்ட ஓட்டு அது. அவரிடம் என்னால் வாதாட முடியவில்லை. அவர் போட்டதாவது ஓட்டு.

செப்டம்பரில் ஊருக்குத் திரும்பும் முன், கடையில் கடைசி நாள். சாவியை ஒப்படைத்துவிட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன். "நான் அன்றைக்குப் பொய் சொன்னேன். ஓட்டுப் போடவே இல்லை."

"தெரியும்" என்றார். "இணையத்தளம் விழுந்த அன்று, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று என்னிடம்தானே சொன்னாய். மறுநாளும் கேட்டேன். அதற்கும் நாளைக்கு என்றாய்."

"பிறகு ஏன் என்னைப் பேரணிக்குக் கூப்பிட்டீர்கள்?"

"தனியாகப் போகப் பயமாக இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

ஊருக்கு வந்த வாரமே அஞ்சலகத்துக்குப் போய் வாக்காளராகப் பதிந்தேன். அப்போதெல்லாம் நாமேதான் போய்ப் பதிய வேண்டும். 18 வயதானதும் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடும் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வரிசை தெரியாது. 2018 மே 9, புதன்கிழமை, கிள்ளானில் காலை ஏழரைக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் அம்மா.

லண்டனில் பேரணிகள் ஓயவில்லை. 2018 அக்டோபரில் ஒன்று, 2019 மார்ச்சில் அதைவிடப் பெரிதாக ஒன்று. பத்து லட்சம் பேர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் போய்ப் படம் அனுப்புவார். மகன் தோளுயரத்துக்கு வளர்ந்திருந்தான். பிறகு, 14 ஆண்டுகளாக வாழ்ந்த ஊரில் தொடர்ந்து வாழ அனுமதி கேட்டு அவரும் விண்ணப்பம் போட்டார். கிடைத்தது. அந்தத் தகவலை மட்டும் படம் எதுவும் இல்லாமல் ஒரே வரியில் அனுப்பினார்.

பிரிட்டன் வெளியேறியது 2020 ஜனவரி 31, இரவு 11 மணி. நமக்கு பிப்ரவரி 1, சனிக்கிழமை காலை 7 மணி. கூட்டரசுப் பிரதேச தினம், கோலாலம்பூரில் விடுமுறை. அன்றைக்கு ஏழு மணிச் செய்தி வாசிப்பு எனக்கு விழுந்தது. முதல் செய்தி வூஹான் கிருமி. இரண்டாவதும் அதுவே. மூன்றாவதாக நான்கு வரி: "47 ஆண்டுகளுக்குப் பிறகு பிரிட்டன்..." தடுமாறாமல் வாசித்துவிட்டேன். அது தொழில்.

வாசித்து முடித்துப் பாட்டைப் போட்டுவிட்டு, அக்காவுக்குப் புலனத்தில் 'விழித்திருக்கிறீர்களா?' என்று அனுப்பினேன். சதுக்கத்தில் வாணவேடிக்கை பார்க்கிறாரோ, வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. பதில் நண்பகலுக்குத்தான் வந்தது.

'தூங்கிவிட்டேன். காலை ஐந்தரைக்குக் கடை திறக்க வேண்டும்.'