துருவை விடுங்கள்... முத்திரையைப் பாருங்கள்!

2001-க்குப் பிறகு ஆஃப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்களில் பலர், ஊர் திரும்பும்போது அங்குள்ள சந்தைகளில் ஒரு பழைய துப்பாக்கியை நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றார்கள். அதன் பெயர் 'மார்ட்டினி-ஹென்றி'. பக்கவாட்டில் கிரீடம், விக்டோரியா மகாராணியின் முத்திரை, தயாரித்த வருடம் என எல்லாமே கச்சிதமாக இருக்கும். ஊருக்குப் போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகுதான் பலருக்கும் உண்மை தெரிந்தது. அந்தத் துப்பாக்கிக்கும் மகாராணிக்கும் சம்பந்தமே இல்லை!

மார்ட்டினி-ஹென்றி 1871-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த ரைஃபிள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டா. கைப்பிடிக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்தால் அறை திறக்கும். 1879-ல் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில், சுமார் 150 பேர் கொண்ட பிரிட்டிஷ் காவல்படை ஆயிரக்கணக்கான ஸூலு வீரர்களைத் தாக்குப்பிடித்தது இதை வைத்துத்தான். அந்த வரலாற்றுக்காகவே சேகரிப்பாளர்கள் இதைத் தேடுகிறார்கள். தேடுபவர்கள் இருந்தால் போலியும் வரத்தானே செய்யும்?

எழுத்தில் சிக்கும் போலி

பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே உள்ள தர்ரா ஆதம் கேல், கைவேலைத் துப்பாக்கிகளுக்குப் பேர்போன ஊர். ஒரு துப்பாக்கியைப் பார்த்து அதே போல இன்னொன்றைச் செய்வதில் அங்குள்ள கொல்லர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால், ஆங்கிலம் தெரியாமல், எழுத்தைப் படமாகப் பார்த்துப் பொறித்தவர்கள் பலர். அதனால் 'என்ஃபீல்டு' என்ற பெயரில் 'என்' எழுத்து இடவலம் மாறி நிற்கும். சில நேரம் ஒரு எழுத்தே காணாமல் போயிருக்கும்.

இன்னொரு சோதனை, வருடம். 'வி.ஆர்.' என்பது விக்டோரியா ராணியின் முத்திரை. அவர் இறந்தது 1901 ஜனவரியில். அந்த முத்திரைக்குக் கீழே 1910 என்றோ 1919 என்றோ இருந்தால், அதற்கு மேல் ஆராயத் தேவையில்லை.

போலியில் நஷ்டம் பணம் மட்டுமல்ல. கைக்குக் கிடைத்த பழைய இரும்பில் செய்யப்பட்டவை இவற்றில் உண்டு. தோட்டா போட்டுச் சுட்டால், வெடிப்பு சுடுபவரின் முகத்திலேயே நடக்கலாம்.

மரம் சொல்லும் சாட்சி

முத்திரை சரியாக இருந்தால் அடுத்து மரக்கட்டையைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது, இரும்போடு சேரும் இடத்தில் மரம் மயிரிழை அளவு உயர்ந்தே இருக்கும். அது இரும்பைவிடத் தாழ்ந்திருந்தால், யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டையின் வலது பக்கத்தில் இருக்கும் வட்ட முத்திரையும் அதோடு மங்கியிருக்கும்.

இரும்பிலும் இதே கதைதான். பழுப்பேறிய இரும்பில் எழுத்துகள் கூர்மையாக இருந்தால் நல்லது. கண்ணாடி போல மின்னும் இரும்பில் எழுத்துகள் பாதி அழிந்து, ஸ்க்ரூ ஓட்டைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால், அது பாலீஷ் சக்கரத்தின் வேலை. ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக, குழலின் உட்புறம். முதலில் அறை காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஹென்றி குழலில் 7 வரித்தடங்கள் உண்டு. அவை தெளிவாகத் தெரிந்தால் துப்பாக்கி நன்றாகப் பராமரிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட்டபின் கழுவாமல் விட்ட குழலில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருக்கும்.

அழுக்குக்குள் அசல்

2003-ல் நேபாளத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் குவிந்து கிடந்த 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய துப்பாக்கிகளை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வாங்கின. காய்ந்த கிரீஸ், பல தலைமுறைத் தூசி என்று பார்க்கவே சகிக்காத நிலை. ஆனால், அந்த அழுக்குக்கு அடியில் அசல் மார்ட்டினி-ஹென்றிகளும் இருந்தன.

அவற்றோடு 'கஹேந்திரா' என்றொரு ரைஃபிளும் கிடைத்தது. வெளியே மார்ட்டினி சாயல், உள்ளே வேறு இயந்திரம், மேலே தேவநாகரி எழுத்து. இதைப் போலி என்று ஒதுக்குவது தவறு. நேபாளத் தளபதி கஹேந்திர ஷம்ஷேர் வடிவமைத்து, தங்கள் ராணுவத்துக்காக அவர்களே செய்துகொண்டது அது. தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளாத பொருள், எங்கே செய்யப்பட்டாலும் அசல்தான்.

பளபளப்பின் விலை

போலி செய்பவர் இல்லாத வரலாற்றைச் சேர்க்கிறார். பாலீஷ் போடுபவர் இருக்கும் வரலாற்றை அழிக்கிறார். இரண்டாமவர் ஆசையாகத்தான் செய்கிறார் என்றாலும், நஷ்டம் அவர் செய்வதில்தான் அதிகம். போலியைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடலாம். அசலில் தேய்ந்துபோன முத்திரையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால்தான் அனுபவசாலிகள் கம்பி பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் கிட்டேயே சேர்ப்பதில்லை. மெல்லிய எண்ணெய், மென்மையான துணி, நிறையப் பொறுமை, அவ்வளவுதான். துரு மேலும் பரவாமல் நிறுத்தினால் போதும். 140 வருடத் துப்பாக்கி 140 வருடத் துப்பாக்கியாகத் தெரிவதில் ஒரு குறையும் இல்லை.