நகைப்பும் ஆராய்ச்சியும்

அம்பத்தூரினின்றும் ஆவடியினின்றும் மின்சார ரயிலேறியும், பூவிருந்தவல்லியினின்று பஸ்ஸேறியும் கல்லூரிக்கு வரும் நம் மாணாக்கர் வழியெல்லாம் பேசிச் சிரிப்பர். ஆய்வுசாலையை அடைந்ததும் அச்சிரிப்பை வாயிலிலேயே விட்டுவிடுகின்றனர். விஞ்ஞானம் முகங்கடுத்தே பயிலத்தக்கதென்று அவர்கட்கு உரைத்தவர் யாரோ, அறியோம். அஃது உண்மையன்றென்பதே நம் கருத்து.

முதலில் நகைக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் செய்யும் ஆராய்ச்சிகட்கென 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது ‘இக் நோபெல்’ பரிசு. 2001-இல் அதனைப் பெற்றோருள் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்துச் சித்தரஞ்சன் ஆந்திரடே, ஸ்ரீஹரி ஆகிய இருவரும் உளர். அவர்கள் நான்கு பள்ளிகளில் 200 இளைஞரை வினவினர். மூக்கைக் குடையும் பழக்கம் ஏறத்தாழ எல்லாரிடமும் உண்டென்றும், நாளொன்றுக்கு நான்கு முறை என்பதே இடைநிலை அளவென்றும் கண்டனர். இதனைப் படித்து நகைக்கும்போதே நம் விரல் எங்குள்ளதென்று ஒருகணம் பார்த்துக்கொள்ளுகிறோமல்லவா? எப்பழக்கம் இயல்பு, எது நோய் என்று மருத்துவர் பிரித்தறிய வேண்டுமாயின், இயல்பானதை முதலில் எண்ணியேயாக வேண்டும்.

மறு ஆண்டே கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்து ஸ்ரீகுமாருக்கும் காலஞ்சென்ற நிர்மலனுக்கும் அப்பரிசு கிட்டிற்று. யானையின் உடற்பரப்பு எத்துணை என்பது அவர்கள் வினா. யானை முழுவதையும் நூல் பிடித்து அளத்தல் எளிதோ? தோள் உயரமும் முன்னங்காலின் அடிச்சுற்றளவும் தெரிந்தால் பரப்பைக் கணித்துவிடலாமென்று வாய்பாடு வகுத்தனர். உடற்சூடு தோலின் வழியே வெளியேறுதலின் இக்கணக்கு உடலியலார்க்கு வேண்டுவதே. யானைக்கும் அடி சறுக்கும் என்பர். இங்கோ யானையின் அடியே வழிகாட்டிற்று!

உயிருள்ள தவளையைக் காந்த வலியால் அந்தரத்தில் மிதக்கவிட்ட ஆந்திரே கைம், 2000-இல் மைக்கேல் பெர்ரியோடு இக் நோபெல் பெற்றார். அவரே 2010-இல் கிராஃபீன் ஆராய்ச்சிக்காக நோவோசெலோவுடன் மெய்யான நோபெல் பரிசும் பெற்றார். அவ்வாராய்ச்சியிலும் கிராஃபைட்டை உரித்தெடுக்க உதவியது சாதாரண ஒட்டுநாடாவே.

நகைப்பிற்குரியதெல்லாம் ஆராய்ச்சியென்று நாம் கூறவில்லை. வினா வேடிக்கையாயிருக்கலாம், அளவை வேடிக்கையாயிருத்தல் ஆகாது. மேற்கூறிய அறிஞர்கள் யாவரும் தம் வினாவைப் பழுதற ஆய்ந்தமையாலேயே நகைப்பைத் தாண்டி நின்றனர்.

வகுப்பில் ஒருவன் கேட்ட வினாவிற்கு நாம் அனைவரும் நகைத்ததும், பின்னர் அவன் ஆண்டு முழுதும் வாய்திறவாதிருந்ததும் நம்மிற் பலர் கண்டதே. அன்று நாம் இழந்தது யாதென இன்றுவரை நமக்குத் தெரியாது. ஆதலின், அன்பர்களே, இனியும் நகையுங்கள், ஆனால், வினவியவன் அமருமுன், “அதனை எங்ஙனம் அளப்பது?” என்று அவனிடம் கேளுங்கள்.