கரையில் புல், தண்ணீரில் பட்டினி!

அமெரிக்காவில் புளோரிடா ராஜ்யத்தின் கிழக்குக் கரையில், கடலை ஒட்டினாற்போல் ஒரு நீண்ட காயல் இருக்கிறது. பெயர் 'இண்டியன் ரிவர்'. பெயர்தான் ஆறு, ஆற்றைப் போல ஓட்டம் கிடையாது. நீளம் சுமார் 250 கிலோ மீட்டர். மார்கழி, தை மாதத்திலும் அங்கே வெயில் இதமாக அடிக்கும். வடக்கே பனியில் நடுங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வந்ததும், குடும்பத்துக்கென்று தனியாக ஒரு 'பாண்டூன்' படகை அரை நாளைக்கு வாடகை பேசுகிறார்கள். இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், அவற்றின்மேல் சமதளமாய் ஒரு மேடை, சுற்றிலும் கம்பி, தலைக்கு மேல் துணிப் பந்தல். நம் வீட்டுத் திண்ணைக்கு எஞ்சின் பூட்டித் தண்ணீரில் விட்டாற்போல் இருக்கும்! பாட்டியும் ஏறலாம், பேரனும் ஏறலாம்.

எல்லோரும் தேடுவது 'மானட்டி' என்ற பிராணியை. நம் பாக் நீரிணை மீனவர்கள் 'ஆவுளியா' என்கிறார்களே, அந்தக் கடல் பசுவுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. எடை 450 கிலோ வரும். பரம சாது. நாள் முழுவதும் கடற்புல் மேய்வதே அதற்கு வேலை. படகின் விசிறி வெட்டிய தழும்பு பலவற்றின் முதுகில் உண்டு. அந்தத் தழும்பை வைத்தே ஆராய்ச்சியாளர்கள் 'இது இன்னது' என்று அடையாளம் சொல்கிறார்கள். இதனால்தான் பல இடங்களில் படகு ஊர்ந்துதான் போகவேண்டும் என்று சட்டம். மீறினால் அபராதம்.

நல்ல சட்டந்தான். ஆனால் பழி முழுவதையும் படகுக்காரர் தலையில் போடுவது நியாயமல்ல. 2021-ல் புளோரிடாவில் 1,100 மானட்டிகள் மாண்டன. அவற்றில் பல இந்தப் பக்கத்தில் பட்டினியால் மாண்டவை. பத்தே ஆண்டில் காயலின் கடற்புல் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. கரையோர வீடுகளின் புல்தரைக்குப் போடும் உரமும், மலக்குழிக் கசிவும் மழையோடு காயலில் இறங்குகின்றன. பாசி பெருகித் தண்ணீர் கலங்குகிறது. அடியில் இருக்கும் கடற்புல்லுக்கு வெயில் எட்டுவதில்லை. அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கமே மின்சார நிலையத்தின் பக்கத்தில் சுமார் 90 டன் கீரையைத் தண்ணீரில் கொட்டியது. உல்லாசப் பயணி ஒருவர் ஒரு கட்டுக் கீரை எறிந்தால் குற்றம்!

மழை மாதங்களில் புல்லுக்கு உரம் போடக்கூடாது என்று அங்கே பல ஊர்களில் விதி உண்டு. வேகமாய்ப் போகும் படகைப் பிடிக்க ரோந்துப் படகு இருக்கிறது. கொல்லையில் உரம் தூவுகிறவரை யார் பிடிப்பது? படகில் போகிறவர்களோ, தண்ணீர் விளிம்புவரை பச்சைக் கம்பளம் விரித்த பங்களாக்களைப் பார்த்து, "என்ன அழகு!" என்று போட்டோ எடுக்கிறார்கள். படகோட்டி அங்கே ஒரு நிமிஷம் எஞ்சினை நிறுத்தி, அந்தப் பச்சையின் கதையையும் சொன்னால் என்ன?

இதே காயலில் பெலிகன் தீவு இருக்கிறது. சீமாட்டிகளின் தொப்பியில் செருக இறகு வேண்டும் என்று ஒரு காலத்தில் அங்கே பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். 1903-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தீவையே சரணாலயமாக்கினார். இறகுத் தொப்பியை ஜனங்கள் மறந்தும் போனார்கள். பிரிவார்டு கவுண்டி மக்கள் 2016-ல், காயலைச் சீர்படுத்த டாலருக்கு அரை சென்ட் கூடுதல் விற்பனை வரியைத் தாங்களே ஓட்டுப் போட்டு ஏற்றார்கள். வரி கொடுக்க மனம் வந்துவிட்டது. வாசல் புல் கொஞ்சம் பழுத்துக் கிடந்தால் பொறுக்க மனம் வருமா?