செடியை யார் பிடுங்குவது?

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் உழவர்கள் பலரிடமிருந்து நாங்கள் கேட்கும் சொற்கள் ஏறக்குறைய ஒன்றே: “இருபது வருசமா களை எடுக்கிறேன் டாக்டர், இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலையே.” கண்ணிமைகள் வீங்கியிருக்கும். கழுத்தும் முழங்கை மடிப்புகளும் கறுத்துத் தடித்திருக்கும். அரிப்பினால் பல இரவுகள் உறக்கம் இருந்திராது. பையில், மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிய களிம்புகள் மூன்று நான்கு இருக்கும்.

இவர்களுள் பலருக்கு நோயின் மூலம் பார்த்தீனியம். அமெரிக்க வெப்பநாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950-களின் நடுவில் புணேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. கேரட் இலை போன்ற இலையும் சிறு வெண்பூக்களும் கொண்டு சாலையோரத்திலும் வரப்பிலும் வளர்கிறது. இதிலுள்ள பார்த்தீனின் என்னும் வேதிப்பொருளே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. காய்ந்த செடியின் துகள்கள் காற்றில் பறந்து வந்து படிவதால், செடியைத் தொடாதவருக்கும் முகத்தில் அரிப்பு வரலாம்.

இந்த ஒவ்வாமை முதல் நாளிலேயே தோன்றுவதில்லை. மீண்டும் மீண்டும் பழகிய பிறகே உடல் அச்செடியைப் பகையாகக் கருதத் தொடங்கும். தொடங்கிய பின் பெரும்பாலும் அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். செடி பட்டு ஓரிரு நாள் கழித்தே தடிப்பு எழுவதால், காரணத்தை ஊகிப்பதும் எளிதன்று. ஐயம் இருப்பின் முதுகில் ஒட்டுச் சோதனை செய்கிறோம். இரண்டு நாள் கழித்து ஒட்டை அகற்றிப் பார்த்து, பின்னர் மீண்டும் ஒருமுறை பார்த்து முடிவு கூறுகிறோம்.

கடையில் தாமாக வாங்கும் களிம்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றுள் பல, வீரியமிக்க ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் கலந்தவை. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும். இமையில் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் உயரக்கூடும். அதே ஸ்டீராய்டை நாங்களும் தருகிறோம். ஆனால் எவ்விடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்ற கணக்குடன் தருகிறோம். நோய் கடுமையாயின் மாத்திரைகளும் தேவைப்படும். அவற்றைத் திடீரென நிறுத்தலாகாது. இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடவும் கூடாது.

எனினும், எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். “அந்தச் செடிப் பக்கம் போகாதீர்கள்” என்று ஒரு வரியில் கூறி அனுப்பிவிடுகிறோம். களை எடுத்தால்தான் அன்றைய கூலி என்றிருப்பவருக்கு அது அறிவுரையாகாது. செடி வாசலிலேயே நிற்கும்போது எந்த மருந்தும் நிலைத்த பயன் தராது. ஆதலால், மருந்தை யார் பூசிவிடுவது என்று கேட்கும் குடும்பத்தினர், செடியை யார் பிடுங்குவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அந்த வேலையை நோயாளி செய்யக் கூடாது. ஒவ்வாமை இல்லாத ஒருவர், கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் அணிந்து, மழை பெய்து மண் இளகிய நாளில், பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை சிந்தும். பிடுங்கியதை வீட்டருகே குவிக்கவோ எரிக்கவோ வேண்டாம். வேலை முடித்தவர் குளித்து உடை மாற்றிய பிறகே நோயாளியின் அருகில் வரட்டும். அவ்வுடையைத் தனியே துவைக்க வேண்டும்.

நோயாளி வெளியில் சென்று திரும்பியதும் முகத்தையும் கைகால்களையும் மென்மையான சோப்பிட்டுக் கழுவுதல் நன்று. அரிப்பு மிகும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றலாம். நீர் வடியும் புண்ணில் மஞ்சளோ பச்சிலையோ அரைத்துப் பூச வேண்டாம்.

ஊரக வேலைத் திட்டப் பணிக்குச் செல்பவர்கள், புதர் வெட்டும் பணிக்குப் பதிலாக வேறு பணி தருமாறு பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்கலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டுமெனில் தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலவே அதை எழுதித் தருவதும் எங்கள் கடமையே.