பாதி வண்டி

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் சாலையில் அரை மணி நேரம் நின்றால் போதும். பஞ்சுப் பொதி, நூல், சிமென்ட், தேங்காய் என்று கடந்துபோகும் லாரிகளில் பலவற்றின் நெற்றியில் லங்காஷயரில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் இருக்கும். லேலண்ட் என்ற அந்த ஊரில் 1896இல் ஸ்பரியர், சம்னர் என்ற இரு குடும்பத்தார் சேர்ந்து நீராவி வண்டி செய்யத் தொடங்கினார்கள். 1907இல் லேலண்ட் மோட்டார்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். அரை நூற்றாண்டில் அது பிரிட்டனின் பெரிய லாரி, பஸ் கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது.

1955இல் அந்தக் கம்பெனி வாட்ஃபோர்டில் இருந்த ஸ்கேமல் லாரி நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டில், லேலண்ட் பங்கு போட்டிருந்த எண்ணூர் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த இந்த இரண்டில் ஒன்று இன்று இல்லை. இல்லாமல் போனது வலுவானது, பேர்பெற்றது.

ஸ்கேமல் சாதாரண லாரிக் கம்பெனி அல்ல. மற்றவர் தொடப் பயப்படும் பாரத்துக்கு வண்டி செய்வதுதான் அதன் தொழில். லண்டனில் குதிரை வண்டிகளுக்குக் கூடு கட்டிய குடும்பத்திலிருந்து வந்தது. 1922இல் வாட்ஃபோர்டுக்கு மாறியது. 1929இல் ரயில் எஞ்சின் போன்ற பாரங்களைச் சாலையில் கொண்டுபோக நூறு டன் வண்டி இரண்டைச் செய்தது. முன்னால் ஓட்டுநர், பின்சக்கரங்களைத் திருப்ப வண்டியின் வாலில் இன்னொருவர், இருவரும் பேசிக்கொள்ள ஒரு டெலிபோன். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வடம் பிடிப்பவர்களும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களும் குரலாலேயே செய்துகொள்ளும் ஏற்பாட்டைத்தான் அவர்கள் கம்பி வழியாகச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பழுதான டாங்கிகளை இழுத்துவந்த பயோனியர் வண்டிகளும் ஸ்கேமல் செய்தவையே. கேட்டவரின் பாரம், பாதை, மேடு எல்லாவற்றையும் விசாரித்து, அதற்கேற்ப வண்டி செய்து கொடுக்கும் இடம் அது.

எண்ணூரின் தொடக்கம் இவ்வளவு கம்பீரமாக இல்லை. 1948இல் ரகுநந்தன் சரண் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்துகொண்டிருந்தது. 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம் ஆனது. அப்போது சென்னை மாநிலத்தின் முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா. மறு ஆண்டு முதல் லேலண்டின் காமெட் சேஸிஸ்கள் எண்ணூரில் பூட்டப்பட்டன. முதலில் விலைபோனவை நான்கு டிப்பர்கள். வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை. சரண் விமான விபத்தில் இறந்துபோனார். பங்குதாரர்களில் ஒன்றாக இருந்த சென்னை அரசும் மற்றவர்களும் லேலண்டை உள்ளே கொண்டுவந்து காரியத்தை முடித்தார்கள்.

லாரிக்கு இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு மவுசு வந்தது என்பதற்கு ரயிலும் ஒரு காரணம். விருதுநகர் – தென்காசிப் பாதை 1927இலேயே வந்துவிட்டது. ஆனால் அது அப்போது மீட்டர் கேஜ். வடக்கே போகும் சரக்கு, அகலப்பாதை தொடங்கும் இடத்தில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. கூலி இரண்டு தடவை, சேதம் இரண்டு தடவை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டியில் அவருடைய சிமென்ட் ஆலையும் எழுந்தது. ஆலை வாசலில் ஏற்றி, வாங்குபவர் வாசலில் இறக்குகிற வண்டி வேண்டியிருந்தது. மேற்கே கேரளத்துக்கு என்றால் புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏற வேண்டும். எஞ்சின் மூச்சு வாங்காத வண்டிக்குத்தான் அங்கே மதிப்பு.

எண்ணூர் விற்றது முழு வண்டி அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், முன்முகப்பு, அவ்வளவுதான். கூரையில்லாத அந்தச் சேஸிஸை, முகத்தில் துண்டு கட்டிய ஓட்டுநர்கள் வெயிலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப்போய்ப் பட்டறையில் விடுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் ஆசாரிகள் மரத்தில் கேபின் கட்டினார்கள். வெல்டர்கள் பாடி கட்டினார்கள். பஸ் என்றால் கரூர். ஓனர் கூடவே நின்று, பஞ்சுக்கா சிமென்டுக்கா என்று சொல்லிப் பலகையின் உயரத்தைத் தீர்மானித்தார். ஜாம்ஷெட்பூரிலிருந்து வந்த டாடா பென்ஸும் இப்படித்தான் முழுமையடைந்தது. வாட்ஃபோர்டில் ஆலைக்குள் நடந்த விசாரணை, இங்கே ஆலைக்கு வெளியே, சாலையோரக் கொட்டகையில் நடந்தது. எண்ணூர் பிழைத்ததற்கு இதையே முதல் காரணமாகச் சொல்வேன். ஆயிரம் விதமான தேவைகளைத் தீர்க்கும் செலவும் தலைவலியும் அதன் கணக்கில் ஏறவில்லை.

தாய்க் கம்பெனியின் கதை வேறு விதமாக முடிந்தது. 1968இல் கார்க் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. காரில் நஷ்டம், தொழிற்சங்கத் தகராறு, 1975இல் அரசுடைமை. லாரியில் வந்த லாபத்தைக் கார் விழுங்கியது. 1987இல் லாரிப் பிரிவு நெதர்லாந்தின் டாஃபோடு இணைந்தது. மறு ஆண்டே ஸ்கேமல் ஆலை மூடப்பட்டது. ஆளுக்கு ஏற்ற வண்டி செய்யும் பட்டறைக்கு அந்தப் பெரிய கணக்குப் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை. லேலண்ட் ஊரில் இன்றும் லாரி செய்கிறார்கள். அமெரிக்க முதலாளியின் கீழ், டாஃப் என்ற பெயரில்.

எண்ணூரில் லேலண்டுக்கு இருந்த பங்கு 1987இல் இந்துஜா, இவெகோ கைக்குப் போனது. பின்னர் இந்துஜா வசமே நின்றது. பிறகு நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. லீட்ஸில் லேலண்ட் இழுத்து மூடிய பஸ் ஆலையிலிருந்து 1985இல் ஆப்டேர் என்ற நிறுவனம் பிறந்திருந்தது. அதன் பெரும்பங்கை அசோக் லேலண்ட் வாங்கியது.

இதைப் படித்துப் பெருமைப்படுகிறவர்கள் ஓட்டுநரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். பாதி வண்டி விற்றதால் ஆலைக்கு லாபம், பட்டறைக்கு வேலை, ஓனருக்கு விலை குறைவு. மீதிச் செலவை எஞ்சின் சூட்டில், மரக் கேபினுக்குள், ஆடும் சீட்டில் உட்கார்ந்து பல பத்தாண்டுகளாகக் கட்டியவர் ஓட்டுநர். 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றின் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று ஒன்றிய அரசு விதித்துவிட்டது. ஏசி நிற்க அடைப்பான கேபின் வேண்டும். அதைப் பெரும்பாலும் ஆலையே செய்து அனுப்புகிறது. கேபின் கட்டிய ஆசாரிகளுக்கு இனி வேலை குறையும். அது உண்மையான இழப்பு. ஆனாலும் இந்த விதி இருபது வருஷம் தாமதம் என்பதே என் கட்சி. டிப்பர், டேங்கர், பஞ்சு ஏற்றும் உயரப் பலகை என்று பின்பக்கத்து வேலை பட்டறைகளிடம்தான் இன்னும் இருக்கிறது.