பாட்டை ஸ்கிப் பண்ணாதீங்க, பயம் போயிடும்!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பழைய படத்துல பாட்டு ஆரம்பிச்சா, என் கட்டைவிரல் தானா போன் ஸ்க்ரீனைத் தட்டும். பத்து செகண்ட், இன்னொரு பத்து செகண்ட். நீங்களும் அப்படித்தானே?

‘அதே கண்கள்’ படத்தை ஹாஸ்டல்ல அப்படித்தான் பார்த்தேன். 2017-ல வந்தது இல்ல. 1967-ல ஏவிஎம் எடுத்தது. ஏ.சி. திருலோகசந்தர் டைரக்‌ஷன். ரவிச்சந்திரன், காஞ்சனா, நாகேஷ். ஒரே குடும்பத்தில் கொலைகள், யார் செய்யறான்னு தெரியாது. பாட்டு, காமெடி எல்லாத்தையும் தள்ளிவிட்டேன். படம் சீக்கிரம் முடிஞ்சது, பயம் மட்டும் வரல. லேப் ரெக்கார்டு படிச்ச மாதிரி இருந்தது.

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போனப்போ டிவியில அதே படம். ரிமோட் பாட்டி கையில. பாட்டு வந்ததும் பாட்டி என் பக்கம் திரும்பி, “உனக்கு யார் மேலடா சந்தேகம்?”னு கேட்டாங்க. விடை தெரிஞ்சும் சொல்லல. அம்மா ஒருத்தரைச் சொன்னாங்க, தம்பி இன்னொருத்தரைச் சொன்னான். பாட்டு முடியறதுக்குள்ள வீட்டுல ஒரு விசாரணையே நடந்துடுச்சு.

அப்போதான் புரிஞ்சது. பாட்டு கதையை நிறுத்தல. யோசிக்க நமக்கு நேரம் கொடுக்குது. வேதாவோட துள்ளல் மியூசிக்ல கால் ஆடும்போதும், நாகேஷைப் பார்த்து சிரிக்கும்போதும் நாம கொஞ்சம் அசந்துடறோம். அடுத்த அலறல் வரும்போது தூக்கிவாரிப்போடுது. கெப்பாசிட்டரை சார்ஜ் ஆகவே விடாம, டிஸ்சார்ஜ் மட்டும் கேட்டா எப்படி?

“பாட்டே இல்லாம ‘அந்த நாள்’ வந்துச்சே?”னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுவும் ஏவிஎம் படம்தான், 1954. எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன். செத்துப்போறவர் நம்ம ஆளு, ரேடியோ இன்ஜினியர்! ஆனா அங்கே ஒவ்வொருத்தரும் சொல்ற வேற வேற கதையே நம்மை யோசிக்க வைக்குது. ‘அதே கண்கள்’ல அந்த வேலையைப் பாட்டும் காமெடியும் செய்யுது. சில காமெடி சீன் இழுவைதான், ஒத்துக்கறேன். அதுக்காக எல்லாத்தையும் வெட்டினா, மிஞ்சறது பிணங்களோட எண்ணிக்கை மட்டும்தான்.

இன்னும் ஒரு செமஸ்டர்தான் இருக்கு எனக்கு. அதுக்குள்ள ஒரு ராத்திரி ஹாஸ்டல் காமன் ஹால்ல இந்தப் படத்தைப் போடலாமா? ஒரே கண்டிஷன்: யார் கையிலயும் ரிமோட் கிடையாது. பாட்டு வந்தா பக்கத்துல இருக்கறவங்களைக் கேளுங்க, “உனக்கு யார் மேல சந்தேகம்?”